முதல் வரியில் "நில்" என்று எழுதியிருந்தது

வேலையை விட்டு வந்த பிறகும் என்னைப் பற்றி ஒரு பகிடி அலுவலகத்தில் உலாவுகிறதாம். "அக்காவின்ர ஸ்கிரிப்டில எதையும் மாத்தலாம். மேல இருக்கிற ரெண்டு வரியைத் தொட்டால் மட்டும் வெள்ளவத்தையிலயிருந்து ஓட்டோ பிடிச்சு வந்து அடிப்பா." சொல்லட்டும். வருவேன். அடிக்கவும் செய்வேன்.

கம்பனி தன்னுடைய இயந்திரங்களை விற்றுவிட்டு, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் வாடகை இயந்திரங்களுக்கு மாறியபோது, விரும்பியவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறலாம் என்றார்கள். நான் ஐம்பதைத் தாண்டியிருந்தேன். விரும்பினேன். இப்போது கடலோர ரயில் போகிற சத்தத்தில் கோப்பை அதிரும் ஒரு மாடிவீட்டில் இருக்கிறேன். நிம்மதி என்று சொல்லமாட்டேன். நிம்மதிக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

போன கிழமை பழைய அலுவலகத்திலிருந்து ஒருத்தி அழைத்தாள். கெட்டிக்காரி. வேகமான விரல்கள், அதைவிட வேகமான வாய்.

"அக்கா, நீங்கள் எழுதின ஸ்கிரிப்ட் எல்லாத்திலயும் முதல் வரியில -e போட்டிருக்கிறீங்கள். அடுத்த வரியில set -e எண்டும் போட்டிருக்கிறீங்கள். ஒரே கதையை ஏன் ரெண்டு தரம்? ஒண்டை வெட்டட்டோ?"

"வெட்டாதை."

"முதல் வரி வெறும் கொமென்ட் தானே, அக்கா?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறது தான்."

எல்லோரும் சொல்வது தான். எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒரு மனிதனை ஜீப்பில் ஏற்றப் பார்த்த ஒரு நாளை எனக்குத் தெரியும். ஆகவே, தங்கச்சி, உனக்கும் உன்னோடு இருந்து சிரித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களும் வாசிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்கிரிப்ட் என்பது ஒரு ஃபைலில் வரிசையாக எழுதிவைத்த கட்டளைகள். அதை வாசித்து ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கிற நிரல் ஒன்று இருக்கிறது. எங்கள் கதையில் அதற்குப் பெயர் sh. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குச் சில சொற்களைச் சொல்லி அனுப்பலாம். -e என்று சொன்னால், "இடையில் ஒரு கட்டளை தோற்றால் அந்த இடத்திலேயே நில், அடுத்ததுக்குப் போகாதே" என்று பொருள். இந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்யலாம். மறந்துபோகும் என்று பயந்தால் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம். இப்படி:

#!/bin/sh -e

இனித்தான் விஷயம். அந்த முதல் வரி sh-க்கு எழுதப்பட்டது போலத் தோன்றும். அதை வாசிப்பது sh அல்ல. ஃபைலின் பெயரை மட்டும் சொல்லி நீ ஓடச் சொன்னால், இயந்திரத்தின் அடிமட்டத்தில் இருக்கிற கேர்னல் அந்த வரியை வாசித்து, அதில் எழுதியிருக்கிற -e-யையும் கையில் கொடுத்து sh-ஐக் கூப்பிடும். ஆனால் நீயே "sh" என்று முன்னால் தட்டி, பின்னால் ஃபைலின் பெயரைக் கொடுத்தால், கேர்னல் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. sh வாசிக்கத் தொடங்கும், முதல் எழுத்தில் # இருக்கும், "ஓ, இது குறிப்பு" என்று தாண்டிப் போய்விடும். "நில்" என்று எழுதியது எழுதியபடி இருக்கும். கேட்க ஆள் இருக்காது.

எல்லா மொழியும் இப்படி அல்ல. பேர்ள் என்றொரு மொழி. அதை நீ எந்த வாசலால் கூப்பிட்டாலும் திரும்பி வந்து முதல் வரியை வாசித்து, அதில் இருக்கிறதை ஏற்றுக்கொள்ளும். தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை அந்த வரியில் கண்டால், "பிந்திவிட்டது" என்று முகத்துக்கு நேரே சொல்லி ஓட மறுத்துவிடும். அந்த மறுப்பு எனக்குப் பிடிக்கும். மனிதர்களிலும் அந்த வகையைத்தான் எனக்குப் பிடிக்கும்.

இதெல்லாம் நான் வகுப்பில் படித்ததில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு டிப்ளோமா, பாதி நாள் மின்வெட்டு, மீதி நாள் ஹர்த்தால் வதந்தி. அதோடு படிப்பு முடிந்தது. கப்பல் முகவர் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. கோட்டைப் பக்கம் குண்டு வெடித்துக் கண்ணாடிகள் எல்லாம் ஒருநாள் தெருவில் உதிர்ந்த பிறகு, கம்பனி தன் கம்ப்யூட்டர் பகுதியைக் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடிக்குக் கொண்டுபோனது. கீழே வெங்காய மூட்டை, மேலே நாங்கள். துறைமுகத்துக் கப்பல்களின் சரக்குப் பட்டியல்கள் எங்களிடம் ஃபைல்களாக வரும். ஒழுங்குபடுத்திச் சுங்கத்துக்கு அனுப்புவோம். அனுப்பி முடிந்தவற்றை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட். அதை எழுதியவன் சிவநேசன்.

சிவா யாழ்ப்பாணப் பக்கம், கொடிகாமத்துப் பெடியன். ஊரை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, வவுனியாவில் கிடந்து, கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கட்டிலொன்று வாடகைக்கு எடுத்திருந்தான். அவன் எழுதும் ஸ்கிரிப்டில் சந்தேகம் நிறைய இருக்கும். டிஸ்க் இல்லாவிட்டால்? பெயர் மாறியிருந்தால்? கரண்ட் போனால்? "ஏன்டா இப்பிடிப் பயந்து சாகிறாய்?" என்று கேட்டால், "பயந்தபடியாத்தான் அக்கா இன்னும் சாகேல்லை" என்பான்.

எங்கள் பகுதித் தலைவர் ஜயதிலக சேர். அவரைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கைக்கு ஒழுங்கு வந்தது அவரால். நாங்கள் நால்வரும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் பிசைந்து பேசிய அந்த மாடியில் அவர் உட்கார்ந்து நான் கண்டது குறைவு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எந்தப் பிரச்சினை என்று ஓடிப்போனாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "இயந்திரம் என்ன சொன்னது?" யார் செய்தது என்று கேட்கமாட்டார். நீ என்ன நினைக்கிறாய் என்றும் கேட்கமாட்டார். திரையில் வந்த வரியை எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். "ஏதோ எரர், சேர்" என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் வைத்த ஒரு வழக்கம் வேறெந்த அலுவலகத்திலும் நான் காணாதது. முழு அதிகாரம் உள்ள கணக்கில் வேலை செய்யும்போது, கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு உடனே என்டர் அடிக்கக் கூடாது. பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, தட்டியதை உரக்க வாசிக்க வேண்டும். எழுத்து எழுத்தாக. இடைவெளி இருந்தால் "ஸ்பேஸ்" என்று சொல்ல வேண்டும். கேட்பவர் "ம்ம்" சொன்ன பிறகுதான் என்டர். சேர் கேட்பவராக நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு ஸ்பேஸை விழுங்கினால் கண் திறக்கும். தேவாரம் ஓதுவது போல நாங்கள் ஆர் எம் ஸ்பேஸ், சி டி ஸ்பேஸ் என்று ஓதுவதைக் கேட்டு, கீழே வெங்காய முதலாளி தன் ஆட்களிடம், "மேல பைத்தியங்கள் பூசை துவங்கிட்டுதுகள்" என்பான். பூசைதான். அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தக் காலையில் நான் சுங்கத்து ஆட்களைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். திரும்பி மாடி ஏறும்போதே சத்தம் கேட்கவில்லை. எங்கள் இடத்தில் சத்தமில்லை என்றால் ஏதோ நடந்திருக்கிறது. உள்ளே சேர் நிற்கிறார். பரீனா நிற்கிறாள், மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து வரும் எங்கள் ஒப்பரேட்டர் பிள்ளை. நடுவில் மேஜர். கம்பனியின் பாதுகாப்புப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற இராணுவக்காரர். பெயரை மறந்து பதவியாலேயே எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம்.

துறைமுகத்தில் இறக்கிக்கொண்டிருந்த ஒரு கப்பலின் சரக்குப் பட்டியல்கள் ஒன்று மிச்சமில்லாமல் அழிந்துவிட்டன. அழித்தது சிவாவின் ஸ்கிரிப்ட்.

"கவுத மேக்க லிவ்வே?" என்றார் மேஜர். இதை எழுதியது யார்? அவருடைய முதல் கேள்வி அதுதான். சேர் சிவாவின் பெயரைச் சொன்னார்.

"எங்கே அவன்?"

"இன்னும் வரவில்லை."

மேஜரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். கணக்கு விடை வந்துவிட்ட மாணவனின் முகம். "யாழ்ப்பாணத்தான் எழுதுகிறான். அது வெடிக்கிற நேரத்துக்கு அவன் இல்லை. இதுக்கு எங்கள் பாஷையில் ஒரு பெயர் இருக்கிறது." நாசவேலை என்றார். ஆங்கிலத்தில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை. பொலிஸுக்கு ஏற்கெனவே அழைத்தாயிற்றாம். ஜீப் வருகிறதாம்.

அந்த நாட்களில் அந்தச் சொல்லோடு ஒரு தமிழ்ப் பெடியனை ஜீப்பில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கப் போவதில்லை. விளக்கம் கேட்பவர்கள் அந்த நாட்களில் இங்கே இருந்திருக்கவில்லை.

அப்போதுதான் சிவா மாடி ஏறி வந்தான். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்கையடா போனனி?" என்றேன்.

"எங்கை போறது அக்கா? வெள்ளவத்தைப் பாலத்தடிச் செக்பொயின்ரில லைனில நிண்டனான். ஐ.சி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறாங்கள், வெயிலில பிடிச்சால் பிறந்த ஊர் மாறும் எண்டு நினைச்சாங்களோ தெரியாது." சிரித்துக்கொண்டே சொன்னவன் மேஜரைக் கண்டு நிறுத்தினான்.

மேஜர் அவனைச் சுவரோரமாக உட்காரச் சொன்னார். அவன் நின்றான்.

நான் சேரிடம் போனேன். "இவனைக் கொண்டுபோக விடப் போகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மெல்லச் சொன்னார்: "வழமையான விசாரணைதான். குற்றமில்லை என்றால் விட்டுவிடுவார்கள்."

"எப்ப சேர்?"

அவர் மேஜரைப் பார்த்தார்.

"எப்ப விடுவார்கள்? இன்றைக்கா? தீபாவளிக்கா?"

கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். அந்த நிலை எனக்கு அன்றுதான் முதன்முதலாக ஒழுங்கு போலத் தெரியவில்லை.

நான் கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஸ்கிரிப்டைத் திறந்தேன். சின்ன ஸ்கிரிப்ட். இரண்டாவது டிஸ்க்கில், அனுப்பி முடிந்தவற்றைப் போட்டுவைக்கும் அறைக்குள், அதாவது டிரெக்டரிக்குள், போ. அங்கே இருப்பதை எல்லாம் அழி. அதற்கு மேலே முதல் வரி. அதில் -e. அந்த அறைக்குள் போக முடியாவிட்டால் நில், அழிக்காதே. சிவாவின் பயம் முழுக்க அந்த ஓர் எழுத்தில் இருந்தது.

இரண்டாவது டிஸ்க்கைத் தேடினேன். காலை மின்வெட்டுக்குப் பிறகு அது இயந்திரத்தோடு இணைந்திருக்கவில்லை. அறை இல்லை. அப்படியானால் ஸ்கிரிப்ட் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல், நின்ற இடத்திலேயே கையில் அகப்பட்டதை அழித்திருக்கிறது. நின்ற இடம் அந்தக் கப்பலின் பட்டியல்கள் இருந்த அறை.

ஃபைலின் அனுமதிகளைப் பார்த்தேன். கோட்டையிலிருந்த பழைய இயந்திரத்திலிருந்து பிளொப்பியில் கொண்டுவந்து புது லினக்ஸ் இயந்திரத்தில் இறக்கியபோது, ஓடுவதற்கான அனுமதி கழன்றுபோயிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "அனுமதி இல்லை" என்று சொல்லும். அப்படிச் சொன்னால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. யோசிக்காமல் முன்னால் sh போடுவது. ஓடும். ஓடிவிட்டதே என்று சந்தோஷப்படுவோம்.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் எனக்கு விளங்கி என்ன பயன்? ஜீப் வந்துகொண்டிருந்தது.

"மேஜர், இங்கே வாருங்கள்," என்றேன். "சேர், நீங்களும்."

ஒரு வெற்று அறை உண்டாக்கி, அதற்குள் கத்தரி, வெண்டி, பூசணி என்று பெயர் வைத்து மூன்று ஃபைல்கள் போட்டேன். ஸ்கிரிப்டின் பிரதி ஒன்றுக்கு ஓடும் அனுமதி கொடுத்து, அந்த அறைக்குள் நின்றபடி அதன் பெயரை மட்டும் தட்டினேன். உரக்க வாசித்தேன். யாரும் "ம்ம்" சொல்லவில்லை. சிவா சுவரோரத்திலிருந்து சொன்னான். என்டர்.

அறையைக் காணவில்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான். கத்தரி, வெண்டி, பூசணி மூன்றும் இருந்தன.

இப்போது முன்னால் sh போட்டேன். அதே ஃபைல், ஓர் எழுத்தும் மாற்றவில்லை. வாசித்தேன். சிவா "ம்ம்" என்றான். என்டர். அறையைக் காணவில்லை என்று அதே வரி. பிறகு பார்த்தால் கத்தரியும் இல்லை, வெண்டியும் இல்லை, பூசணியும் இல்லை.

மேஜர் குனிந்து பார்த்தார். "என்ன வித்தியாசம்?"

"உங்கள் முகாமின் முன்வாசலில் ஒரு அறிவித்தல் பலகை இருக்கிறது, மேஜர். வருகிறவனுக்கு அதை வாசித்துச் சொல்ல சென்ட்ரி நிற்கிறான். முன்வாசலால் வந்தவன் நில் என்றால் நிற்பான். பின்பக்கம் குசினி வாசலால் கூட்டிக்கொண்டு வந்தவனுக்குப் பலகையும் இல்லை, சென்ட்ரியும் இல்லை. பலகையில் நில் என்று எழுதினது இவன்." சிவாவைக் காட்டினேன். "இவனுடைய அட்டையில் பிறந்த ஊர் என்று ஒரு வரி இருக்கிறது. அதை வாசிக்காத ஆள் இந்தக் கொழும்பில் இல்லை. இவன் எழுதின வரியைத்தான் ஒருவரும் வாசிக்கவில்லை."

என் குரல் உயர்ந்திருந்தது. உயர்ந்தால் உயரட்டும் என்று விட்டேன்.

மேஜர் முட்டாள் அல்ல. நிமிர்ந்தார். "அப்படியானால் குசினியால் கூட்டிவந்தது யார்?"

சேரின் கண்கள் மூடியிருந்தன. காலையில் நானும் இருக்கவில்லை, சிவாவும் இருக்கவில்லை. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"சேர், இன்று காலை இயந்திரம் என்ன சொன்னது?"

பரீனா என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தமிழில், எனக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னாள்: "சேர் வாசிக்கக்கொள நான் தான், மிஸ், பக்கத்துல ஈந்த. எஸ் எச் ஸ்பேஸ் எண்டு வாசிச்சார். நான் ம்ம் சொன்ன. ஒரு வரி வந்திச்சு, அந்த நேரம் பாத்து ஃபோன் அடிச்சிச்சு, அத யாரும் வாசிக்கல்ல."

சேருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் அதற்குள் இருந்த "எஸ் எச் ஸ்பேஸ்" எந்தப் பாஷை என்று அவருக்குத் தெரியும். கண் திறந்தது.

முதலில் அவர் சொன்னது: "இதை இயந்திரக் கோளாறு என்று எழுதிவிடலாம். எல்லோருக்கும் நல்லது."

"இல்லை சேர்." நான் எழுந்து நின்றேன். "இயந்திரத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என்று எழுதினால் அடுத்த கோளாறுக்கு இன்னொரு சிவாவைத் தேடுவார்கள். நடந்ததைச் சொல்லுங்கள்."

கீழே ஜீப் நிற்கிற சத்தம் கேட்டது. கதவுகள் திறக்கிற சத்தம். மரப்படியில் சப்பாத்துகள். சிவா தன் ஐ.சி.யை எடுத்துச் சேட்டுப் பையில் வெளியே தெரிய வைத்தான். அது அவனுடைய கை தானாகச் செய்கிற வேலை. அதைச் சேர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

உள்ளே வந்த சார்ஜன்ட் கையில் இருந்த துண்டைப் பார்த்து, "சிவநேசன்?" என்றார்.

சேர் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "மம தமய் ரன் கெருவே," என்றார். ஓடச் சொன்னது நான் தான். "இந்தப் பகுதியின் தலைவர் நான். வாக்குமூலம் வேண்டும் என்றால் நான் வருகிறேன்."

சார்ஜன்ட் மேஜரைப் பார்த்தார். மேஜர் திரையைப் பார்த்தார். காய்கறி இல்லாத வெற்று அறை இன்னும் அங்கே இருந்தது. மேஜர் மெல்லத் தலையாட்டினார். சேர் தன் குடையையும் எடுத்துக்கொண்டு, ஜீப்பின் முன் ஆசனத்தில் ஏறிப் போனார்.

நானும் சிவாவும் உட்கார்ந்தோம். முந்தைய நாள் பிரதி எடுத்துவைத்த டேப்பிலிருந்து பெரும்பாலான பட்டியல்கள் திரும்பி வந்தன. மிச்சத்தைப் பரீனா துறைமுகத்துக்கு அழைத்து மறுபடி எடுத்தாள். பிறகு சிவா ஸ்கிரிப்டைத் திறந்து, முதல் வரிக்குக் கீழே அதே "நில்"லை set -e என்று இன்னொரு தரம் எழுதினான். அந்த வரியை sh தானே வாசிக்கும். முன்வாசலால் வந்தாலும் சரி, குசினியால் வந்தாலும் சரி. முதல் வரியை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "ஏன் அக்கா அழிக்கிறது? அதிலை பிழை ஒண்டும் இல்லையே," என்றான். தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில் அதுதான்.

மத்தியானம் கழிந்து சேர் வந்தார். குடையை மூலையில் வைத்தார். முகம் தெளிந்திருந்தது. நாங்கள் ஏதாவது சொல்வோம் என்று கொஞ்ச நேரம் நின்றார். நான் நன்றி சொல்லவில்லை. தான் செய்ததைத் தான் செய்தேன் என்று சொன்ன மனிதனுக்கு எதற்கு நன்றி? இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

"கதிரை தந்தார்கள். பிளேன்ரீ தந்தார்கள்," என்றார் சேர். "நாம் பயந்த மாதிரி இல்லை. நல்ல மனிதர்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள்."

சிவா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களை, சேர்," என்றான்.